தீவு நிறுத்தத்தில் இரண்டு நிமிடம்

ஓய்வு பெற்றவனுக்குப் போன் வந்தால் ஒன்று கல்யாணமாக இருக்கும், இல்லை கருமாதியாக இருக்கும். போன மாதம் பிரவின் கூப்பிட்டது இரண்டிலும் சேரவில்லை. நான் வேலை பார்த்த பஸ் நிறுவனத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன். முப்பதைத் தாண்டியவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். தொழிற்சாலை ஆட்களை வீட்டுப் பக்கத்தில் ஏற்றி, ஷிப்டு தொடங்குவதற்குள் கேட் வாசலில் இறக்கிவிடுவது எங்கள் தொழில். மலேசியாவில் எங்கள் ஜோகூர் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியதால் எல்லாத் தடங்களின் நேரத்தையும் புதிதாக அளந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வேலையில்தான் அவனுக்கு ஒரு சந்தேகம்.

"அங்கிள், தீவு ரூட்ல மத்தியானப் பஸ்ஸுக்கு கார்டு ஹவுஸ்கிட்ட ரெண்டு நிமிசம் நிக்கணும்னு இருக்கு. அங்க ஏறுற ஆளே கெடையாது. காரணம்னு போட்டிருக்கற எடத்துல 'சாவி'ன்னு எழுதியிருக்கீங்க. உங்க கையெழுத்துதான். அது என்னா அங்கிள்?"

நீண்ட கதை, பிறகு சொல்கிறேன் என்றேன். அதை எடுத்துவிடலாமா என்று கேட்டான். போய் நின்று பார்த்துவிட்டு முடிவு செய் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உலு திராமில் பிறந்தேன். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன், பிறகு பஸ் ஓட்டினேன். முதுகு போன பிறகு என்னை ஆபீசில் உட்கார வைத்து ரூட் சூப்பர்வைசர் என்று பெயர் கொடுத்தார்கள். ஓட்டுநர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள், அதை இங்கே எழுத முடியாது. எந்தத் தெருவில் பஸ் நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், எந்த வழியாகப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்பதெல்லாம் என் பொறுப்பு. ஸ்கூடாயில் ஒரு நிறுத்தத்தைச் சமிக்ஞை விளக்குக்கு முன்னால் இருந்து பின்னால் நாற்பது அடி தள்ளி வைத்து ஏழு நிமிடம் மிச்சம் பிடித்தேன். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். அதைப் பற்றி மாமனார் வீட்டில்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.

எனக்கு மேலே இருந்தவர் லூர்து மேடம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பாசிர் கூடாங்கில் தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கணக்கர் மேசையில் தொடங்கி மேலாளராக வந்தவர். சத்தம் போட மாட்டார். தப்புச் செய்தவனை நிற்க வைத்துத் திட்டினால் அவனுக்கு ஒரு மணி நேரத்தில் மறந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலாம்.

அவர் வைத்திருந்த முறை இது. புது நிறுத்தம் ஒன்று கேட்டு வந்தால், காரில் போய்ப் பார்க்கக் கூடாது. பஸ்ஸிலேயே போக வேண்டும், அதுவும் ஆட்கள் ஏறுகிற அதே நேரத்தில். கடைசி இருக்கையில் உட்கார வேண்டும், ஏனென்றால் முன்னால் உட்கார்ந்தால் ஓட்டுநரோடு பேச்சு வளர்ந்து கடிகாரம் மறந்துபோகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கரம் நின்ற நேரம், மறுபடி உருண்ட நேரம் இரண்டையும் எழுத வேண்டும். நின்றது ஒரு நிமிடத்தைத் தாண்டினால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். இப்படி மூன்று நாள். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் நிமிடங்களைப் பார்க்க மாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எந்த நாளு போனீங்க?"

தேதி எழுதியிருக்கிறதே மேடம் என்று ஒருமுறை சொன்னேன். தேதிக்கு ரோடு தெரியாது, நாளுக்குத்தான் தெரியும் என்றார். அப்போது எனக்கு அது மேலாளர்கள் சும்மா சொல்லிவைக்கிற பேச்சாகத்தான் பட்டது.

எங்கள் வேலையில் எழுதப்படாத பகுதி ஒன்று உண்டு. வீடு வாங்குகிறவர்கள் எங்களிடம் வந்து கேட்பார்கள். நம் ஜனங்கள் வீடு பார்க்கும் விதமே தனி. வாசல் எந்தத் திசை, சமையலறை எந்த மூலை, சாமி படம் மாட்ட இடம் இருக்கிறதா, எதிரே மரம் இருக்கிறதா எல்லாம் பார்ப்பார்கள். பால் காய்ச்ச நல்ல நேரம் குறித்துவிடுவார்கள். காலையில் வேலைக்குப் போகிற நேரத்தில் அந்த ரோட்டில் ஒரே ஒரு தடவை நின்று பார்க்க மாட்டார்கள். மிஞ்சிப்போனால் "அண்ணே, அந்தப் பக்கம் கம்பெனி பஸ் வருமா?" என்று என்னைக் கேட்பார்கள். நான் வரும் என்றால் வாங்குவார்கள். இப்படி எத்தனையோ குடும்பத்தை எங்கெங்கோ குடிவைத்திருக்கிறேன். புரோக்கராகக்கூட இல்லாமல் இவ்வளவு வீடு விற்றவன் நானாகத்தான் இருப்பேன்.

தேவி அப்படித்தான் வந்தாள். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிறவள், காலை ஷிப்டு, ஏழரைக்கு அட்டை தட்ட வேண்டும். கணவன் கணேசன் சிங்கப்பூரில் வேலை, ஐந்து மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவான். மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. ஸ்கூடாயில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தார்கள். இப்போது சொந்தமாக ஒன்று பார்த்திருந்தார்கள். நீரிணையில் மண் கொட்டி உண்டாக்கிய தீவு அது. அதன்மேல் அடுக்குமாடி வீடுகள், கரையோடு சேர்க்க ஒரே ஒரு பாலம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது என்று அவள் சொன்னபோது, ஏதோ கடல் இவளுக்காகவே அங்கே வந்து நிற்பதுபோல் இருந்தது.

அவள் கணக்கு மிகவும் சுத்தமாக இருந்தது. காகிதத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தாள். பள்ளிக்கூட வேன் ஆறு பதினைந்துக்கு அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே வரும், பிள்ளையை ஏற்றிவிடுவாள். கம்பெனி பஸ் ஆறு இருபதுக்கு வந்தால் ஏறிக்கொள்வாள். ஏழரைக்குள் கேட் வாசல். பஸ் ஆறு இருபதுக்கு முன்னால் வந்தால் பிள்ளை தனியாக நிற்க வேண்டும், அதற்குப் பின்னால் வந்தால் இவளுக்கு வேலை போகும்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ணே. ஆறு இருவதுக்கு ஏறினா ஏழரைக்குப் போயிரலாமா, அத மட்டும் சொல்லுங்க. நீங்க ஆவும்னா ஞாயித்துக்கெழம சைன் பண்ணிருவோம். ஆவாதுன்னா வேணாம்."

அன்று வியாழக்கிழமை. ஞாயிறுக்குள் சொல்லாவிட்டால் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். லூர்து மேடம் பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்தார், மூன்று மாதத்துக்கு நான்தான் அவர் இடத்தில். தீவில் தேவியைத் தவிர இன்னும் மூன்று பேர் அதே தொழிற்சாலைக்காரர்கள் வீடு எடுத்திருந்ததால், நேரம் ஒத்துவந்தால் நிறுத்தம் போட்டுக்கொள்ளச் சொல்லித் தொழிற்சாலையும் எழுதியிருந்தது. எல்லாம் என் கையில் இருந்தது. அதுவே ஒரு போதை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனேன். முறைப்படி கடைசி இருக்கை. ஆறு இருபதுக்குக் கிளம்பி, பாலத்தைக் கடந்து, பாலம் கரையைத் தொடும் இடத்தில் இருக்கும் சந்திப்பில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு. பிறகு வழக்கமான மூன்று நிறுத்தம். தொழிற்சாலை வாசலில் ஏழே கால். சனிக்கிழமையும் போனேன். இரண்டு நிமிடம் முன்னதாகவே போய்விட்டோம். ஞாயிறு தொழிற்சாலைக்கு விடுமுறை, பஸ் ஓடாது. மூன்றாவது நாள் இல்லை. இரண்டு நாளே போதும் என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் தேவிக்குப் போன் செய்து, தாராளமாக ஆகும், கால் மணி நேரம் கையில் இருக்கிறது என்றேன். அவள் போனிலேயே அழுதாள். எனக்குப் பெரிய மனிதன் ஆகிவிட்டதுபோல் இருந்தது. மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

என்ன செய்தேன் என்று வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது ஜோகூரில் பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்க ஆபீசுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. தனியார் தொழிற்சாலைகள் பலவற்றுக்கு ஞாயிறு விடுமுறை. பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் சேர்ந்து ரோட்டுக்கு வருவது திங்கள் முதல் வியாழன் வரை நான்கே நாள்தான். நானோ வருடக்கணக்காகத் தொழிற்சாலை நாள்காட்டியில் வாழ்கிறவன். வெள்ளிக்கிழமை எனக்கு வேலை நாள். நான் காலையில் சட்டை மாட்டும்போது என் மகன் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டித்தான் வெளியே போனேன். ஏன் இவன் இன்னும் பள்ளிக்குக் கிளம்பவில்லை என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். என்னை முன்னால் உட்கார வைத்து முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தார்கள். கடலைக் காட்டினார்கள். யாழினி ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டுபோய், இது என் ரூம், இது என் ரூம் என்று ஒரே அறையை இரண்டு கதவு வழியாகவும் காட்டினாள். திங்கட்கிழமை பஸ் தொடங்கியது. மேடம் வேலைக்குத் திரும்பியதும் அதே திங்கள்தான்.

பாலத்தின் அடிச் சந்திப்பிலிருந்து இருநூறு அடி தள்ளி ஒரு ஆரம்பப் பள்ளி. பிள்ளைகளை இறக்க வந்த கார்கள் இரண்டு வரிசை, சில இடத்தில் மூன்று வரிசை. பஸ் பாலத்தின் மேலேயே நின்றுவிட்டது. இறங்கி நடக்கவும் வழி இல்லை, பாலத்தில் நடைபாதை கிடையாது. தொழிற்சாலை வாசலுக்குப் போனபோது ஏழு ஐம்பது. தேவி மட்டும் இல்லை, கரையில் அந்தப் பஸ்ஸுக்காகக் காத்திருந்த முப்பது சொச்சம் பேரும் தாமதம். ஓட்டுநர் முகம்மது, 'ஐயையோ' என்பதற்கான மலாய் வார்த்தை ஒன்றைத்தான் போனில் சொன்னார்.

"அலமாக்."

லூர்து மேடம் என் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். எந்த நாளு போனீங்க என்று கேட்டார். சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்தார். நான் அந்த முகத்தை நேராகப் பார்க்கவில்லை, வெட்கமாக இருந்தது. ஐம்பதை நெருங்குகிறவனுக்கு வெட்கம் வந்தால் அதை வைத்துக்கொள்ள இடம் கிடைப்பதில்லை.

அவர் என் பேச்சை வைத்து முடிவு செய்யவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவரே போனார். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, விடிவதற்குள் தீவுக்குப் போய், கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். அந்தச் சந்திப்பைப் பஸ் கடப்பதற்குள் எத்தனை முறை பச்சை விளக்கு வந்து போகிறது என்று கோடு போட்டு எண்ணினார். ஒன்பது, எட்டு, ஒன்பது. பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் போக வேறு வழி தேடினார், இல்லை. ஆறு மணிக்கு முன்னால் பஸ் கிளம்பினால் தப்பிக்கலாம். ஆனால் வேன் ஆறேகாலுக்குத்தான் வரும், பிள்ளை தனியாக நிற்க வேண்டும். தேவி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நானாக இருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். வியாழன் மத்தியானம் மேடம் காலைத் தடத்திலிருந்து தீவை அடித்துவிட்டார்.

"நீங்கதான் போய்ச் சொல்லணும்ணே. நான் சொன்னா கம்பெனி சொன்ன மாதிரி ஆயிரும். அவங்க கம்பெனிய நம்பி வீடு வாங்கல."

போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன் என்பதை மறைக்காமல் சொன்னேன். கணேசனுக்குக் கோபம் வந்தது, வர வேண்டியதுதான். திரும்பத் திரும்பக் கேட்டோமே அண்ணே என்றான். தேவி கத்தவில்லை. கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். பிறகு, தெரியலன்னு சொல்லியிருந்தா நாங்க விட்டிருப்போம்ணே என்றாள்.

மற்ற மூன்று பேரும் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டார்கள். தேவி மத்தியான ஷிப்டுக்கு மாறினாள். மத்தியானம் ரோடு காலி, பஸ் தீவுக்குள் தாராளமாக வந்து போகலாம். மூன்று மணிக்கு வேலை தொடக்கம், முடிந்து வீடு வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். காலையில் வேன் வருவதற்கு முன் எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புகிற அரை மணி நேரம் உண்டு. அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் பள்ளி வேன் தீவுக்குள் நுழையும். அதே நேரத்தில் கம்பெனி பஸ் வெளியே கிளம்பும். இரண்டும் சந்திப்பது பாலத்து முனையில் இருக்கும் பாதுகாவலர் சாவடியில், பிரவின் கேட்ட அந்தக் கார்டு ஹவுஸில்.

புதுத் தடம் என்பதால் நான் மூன்று நாள் போனேன். திங்கள், செவ்வாய், புதன். பஸ் சாவடியில் நின்றது. எதிரே வேன் நின்றது. யாழினி பையோடு இறங்கி ஓடிவந்தாள். தேவி பஸ் படியில் உட்கார்ந்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, வீட்டுச் சாவியையும் சோற்றுப் பாத்திரத்தையும் கையில் கொடுத்தாள். கதவை உள்ளே பூட்டிக்கொள், எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவைத் தவிர யாருக்கும் திறக்காதே, அப்பா ஏழு மணிக்கு வந்துவிடுவார் என்று மூன்று நாளும் ஒரே மாதிரி சொன்னாள். பிள்ளை மறுபடி வேனில் ஏறியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு நிமிடம். ஒரு நிமிடத்தைத் தாண்டியதால் காரணம் எழுத வேண்டும். சாவி என்று எழுதினேன்.

மேடம் அந்தத் தாளைப் பார்த்தார். எந்த நாளு என்று கேட்டார், சொன்னேன். காரணத்தில் பென்சில் சற்று நின்றது. அவரும் வீட்டில் ஒரு குழந்தையை விட்டுவிட்டு வந்தவர். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். எங்கள் நிறுவனத்தின் எத்தனையோ தடங்களில், விளக்குக்கும் நெரிசலுக்கும் இல்லாமல் நேரம் கொடுத்தது அங்கே மட்டும்தான்.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு தீவு வீட்டை யாருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டு, உலு திராமில் ஒரு பழைய வரிசை வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி தெரியும். பஸ் நிறுத்தம் தெருமுனையில். தேவி காலை ஷிப்டுக்குத் திரும்பினாள். போவதற்கு முதல் நாள் ஆபீசுக்கு வந்து, இனிமேல் தீவில் பஸ் நிற்க வேண்டாம் என்று சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு போனோடு முடித்திருப்பார்கள்.

"புள்ள வளந்தது எனக்குத் தெரியலண்ணே. ரெண்டு வருசமும் யூனிபோர்ம்லயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். பினஃபோர் முட்டிக்கு மேல ஏறினப்பதான் தெரிஞ்சுச்சு."

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஒரு செய்தியாகத்தான் சொன்னாள். போகும்போது வீட்டுக்கு வாங்கண்ணே என்று கூப்பிடவும் செய்தாள். நான் போனதில்லை. போயிருக்க வேண்டும்.

தீவு நிறுத்தத்தை எடுக்க முடியவில்லை, அதற்குள் மத்தியான ஷிப்டுக்கு வேறு ஆட்கள் புளோக்குக்குக் கீழே ஏறத் தொடங்கியிருந்தார்கள். சாவடியில் நிற்கிற இரண்டு நிமிடத்தை எடுத்திருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு தடவை அந்தத் தடத்தை மறுபடி அளந்தேன், இரண்டு தடவையும் அதை அப்படியே எழுதினேன். மேடமும் இரண்டு தடவையும் கையெழுத்துப் போட்டார். அதை அழித்தால் அப்படி ஒன்று நடந்ததற்கு எங்கேயும் எழுத்து இருக்காது என்று எனக்குத் தோன்றியது. என்னைத் தவிர யாருக்கும் அது ஞாபகம் இருக்கத் தேவையில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

இவ்வளவும் எழுதி நிறுத்தியிருந்தபோது பிரவின் மறுபடி கூப்பிட்டான். சொன்னபடி போய்ப் பார்த்திருந்தான்.

"யாரும் ஏறல, யாரும் எறங்கல, அங்கிள். டிரைவர் மட்டும் கதவத் தெறந்து வச்சிட்டு சும்மா உக்காந்திருக்காரு. ஏன்னு கேட்டா, டைம்டேபிள்ல இருக்குங்கறாரு. உள்ள இருக்கற இருபத்திரெண்டு பேரும் நம்மளத்தான் மொறைக்கறாங்க."

தேவி கதையை அவனுக்குச் சொன்னேன். முடித்ததும், அப்படின்னா விட்டுடவா அங்கிள் என்றான். நல்ல பையன். எனக்காகத்தான் கேட்கிறான் என்று தெரிந்தது. இருபத்திரண்டு பேர் தினமும் என் தப்புக்காக இரண்டு நிமிடம் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நீ எந்த நாளு போன?" என்று கேட்டேன்.

"புதன்கெழம அங்கிள். ஸ்கூல் உள்ள நாளுதான்."

"அப்பச் சரி," என்றேன். "எடுத்துரு."